சாவியைக் குலுக்கினால் பெயர் வருகிறது

21 நவம்பர் 1991, வியாழன்

என் வீட்டுக்காரர் நடிக்கிறாரோ என்று சந்தேகமாகவே இருக்கிறது. ஸ்ட்ரோக் வந்ததிலிருந்து எதைக் காட்டினாலும் பெயர் வருவதில்லை. காலையில் சீப்பைக் காட்டினேன். "அது... அதான்" என்று முழித்தார். கையில் கொடுத்ததும் அதன் பல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, "சீப்பு" என்கிறார். சாவிக்கொத்தும் அப்படித்தான். குலுக்கினதும், "பீரோ சாவி" என்கிறார். டாக்டர் கண்ணில் கோளாறில்லை என்கிறார். பின்னே அதெப்படி?

சாயந்திரம் கீழ்க்கட்டளையிலிருந்து அவர் தங்கை வந்தாள். வாசலில் நின்றவளை யாரோ மாதிரி பார்த்தார். "என்னண்ணா, எப்படி இருக்கே?" என்று அவள் வாயைத் திறந்ததும், "வா சரோஜா" என்றார்.

அப்போ என்னையும் முகத்தைப் பார்த்துத் தெரியாதோ? அவள் போனதும், வளையல்கூடச் சத்தம் போடாமல் பிடித்துக்கொண்டு எதிரில் போய் நின்றேன். ரொம்ப நேரம் பார்த்தார். "இந்தாம்மா, கொஞ்சம் காபி" என்றார்.

அப்பாடா என்றிருந்தது. கல்யாணமானதிலிருந்து இப்படித்தான் கூப்பிடுவார். ஒருநாளும் பெயர் சொன்னதில்லை.

படுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. மத்தியானம் ஊசி போட வந்த புது நர்ஸையும் "இந்தாம்மா" என்றுதான் கூப்பிட்டார்.