அந்தப் பதினேழு போத்தல்களை நான் கொடுக்கவில்லை

என் பிரியமுள்ள சரோஜா அண்ணிக்கு,

உங்கள் முதலாண்டு நினைவு நாள் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. அண்ணன் இன்னும் என்னிடம் பேசவில்லை. போன் செய்தால் உங்கள் மகள் கவிதா எடுத்து, "அப்பா தூங்குறாரு சித்தப்பா" என்கிறாள். காலை பத்து மணிக்கு! தூங்கட்டும். நான் செய்ததை முதலில் உங்களிடம் சொல்ல வேண்டும்.

முப்பது வருடம் செய்தி எழுதியவன். நடந்ததை நடந்த வரிசையில் சொன்னால்தான் எனக்கு வரும்.

நினைவு நாளுக்கு நான்கு நாள் முன்னால் ஜெலுத்தோங்கில் உங்கள் வீட்டுக்குப் போனேன். நீங்கள் பெண்களுக்கு உடம்பு பிடித்துவிடும் அந்த முன்னறையில், மேசை மேல் பதினேழு சின்னப் போத்தல்கள் சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டு நின்றன. ஃபிர் மர எண்ணெய். குளிர் நாட்டு மரத்தின் ஊசி இலையிலிருந்து வடிப்பது. உங்களிடம் வருகிறவர்கள் அதைக் "கிறிஸ்மஸ் எண்ணெய்" என்பார்கள். நீங்களும் சிரித்துக்கொண்டே அப்படியே சொல்ல ஆரம்பித்துவிட்டீர்கள்.

"வர்றவங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு கொடுக்கப் போறோம் சித்தப்பா. அம்மா கையால ஊத்தி வச்சது" என்றாள் கவிதா.

ஒன்றை எடுத்துப் பார்த்தேன். உங்கள் படம் ஒட்டியிருந்தது. நீங்கள் ஒட்டிய பழைய சீட்டு எங்கே என்று கேட்டேன். படம் ஒட்ட இடமில்லை என்று வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டி எடுத்துவிட்டார்களாம்.

பெரிய போத்தலிலிருந்து ஊற்றிய தேதி, எந்தத் தேதிக்கு மேல் தொடக்கூடாது என்ற தேதி, இரண்டையும் நீங்கள் நீல மையில் எழுதி ஒட்டுவீர்கள். காற்றுப் பட்டுப் பழசான ஊசியிலை எண்ணெய் தோலைப் பதம் பார்த்துவிடும், வாசனை நன்றாக இருக்கிறதே என்று நம்பக்கூடாது என்பீர்கள். தேதி தாண்டிய எதையும் நீங்கள் வைத்திருந்ததில்லை. கடைசி எட்டு மாதம் படுக்கையில் இருந்ததால் இவை மட்டும் தங்கிவிட்டன. அதைத்தான் அவர்கள் பிரசாதம் மாதிரி வரிசையாக வைத்திருந்தார்கள். உங்கள் கை பட்டது என்பதற்காக எண்ணெய் கெடாமல் இருக்குமா, அண்ணி?

அது மட்டும் என்றால் சொல்லிப் புரிய வைத்திருக்கலாம். ஒவ்வொரு ரிப்பனிலும் ஓர் அட்டை தொங்கியது. நான் உங்களைப் பற்றிப் பேப்பரில் எழுதிய கட்டுரையைச் சின்னதாக்கி அச்சடித்திருந்தார்கள். தலைப்பு பளிச்சென்று தெரிந்தது: "ஆஸ்துமாவை விரட்டும் ஊசியிலை எண்ணெய்."

அந்தக் கட்டுரை வந்த அன்று நீங்கள் என்னைக் கூப்பிட்டுக் கேட்டது இப்போதும் காதில் இருக்கிறது. "நான் எப்ப தம்பி அப்படி சொன்னேன்? மூக்கடைப்புக்குக் கொஞ்சம் சுகமா இருக்கும்னேன். ஆஸ்துமா உள்ளவங்களுக்கு இந்த வாசனையே இழுப்பைக் கிளப்பி விடலாம். மாத்திப் போடு லா." தலைப்பு வைத்தது நான் இல்லை, ஆசிரியர் என்றேன். பொய். வைத்தது நான்தான். திருத்தம் போடவும் இல்லை. அதற்குப் பிறகு நீங்கள் கேட்கவும் இல்லை. ஆஸ்துமா என்று வந்தவர்களை மட்டும் ஒவ்வொருவராக உட்காரவைத்து, என் தப்பைத் திருத்தி அனுப்பிக்கொண்டிருந்தீர்கள்.

அண்ணனிடம் சொன்னேன். "நீ எழுதினதுதானே? பேப்பர்ல வந்ததுதானே? இப்ப மாத்திப் பேசறியா?" என்றார். திரும்பி வந்துவிட்டேன்.

நினைவு நாளன்று தேவகி வந்தாள். புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் வேலை செய்கிறாளே, தோள்வலிக்காக மாதம் இருமுறை கடல் பாலம் தாண்டி உங்களிடம் வருவாளே, அவள்தான். அந்த வெயிலில் முழுக்கைச் சட்டை. சாப்பிட்டுக் கை கழுவும்போது சட்டையை மேலே இழுத்தாள். முழங்கை வரை சிவந்து தடித்து, அங்கங்கே கொப்புளம் உடைந்த தழும்பு. உங்கள் சாவுக்கு வந்தபோது ஞாபகத்துக்கு ஒரு போத்தல் கேட்டு வாங்கிப் போயிருக்கிறாள். தினமும் எதிலும் கலக்காமல் அப்படியே தடவியிருக்கிறாள்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"ஒத்துக்காம போச்சாம் அண்ணே. இனிமே இந்த மாதிரி எண்ணெய் எதுவும் ஆகாதாம். அக்கா எண்ணெய் அப்படி செய்யாது. என் உடம்புதான் சரியில்ல." அடுத்து என்ன கேட்டாள் தெரியுமா? "எனக்கும் ஒண்ணு கொடுப்பாங்களா?"

நான் முன்னறைக்குப் போய்ப் பதினேழையும் என் பைக்குள் போட்டேன். அட்டைகளைக் கிழித்தேன்.

"டேய், வை அதை" என்றார் அண்ணன்.

"மாட்டேன் அண்ணே."

"செத்தவங்க பொருளைத் தூக்கிட்டு ஓடுறாரு பாரு, பெரிய ரிப்போட்டரு!" என்றார் கீழ்மாடிப் பார்வதி அக்கா. "எழுதும்போது நல்லா இருந்துச்சு, கொடுக்கும்போது கசக்குதா?"

"எழுதினது தப்பு அக்கா. தலைப்பு என்னுது. அண்ணி அதைச் சொல்லவே இல்ல."

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கவிதா மட்டும் மேசையில் கிடந்த ரிப்பன்களைச் சேர்த்து எடுத்தாள். நான் படியிறங்கிவிட்டேன்.

எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றவில்லை. மீனுக்கு ஆகாது என்று நீங்கள் திட்டுவீர்கள். மூடியை இறுக்கி, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்தேன். இன்றைக்கும் யார் கேட்டாலும் அதையேதான் செய்வேன். உங்களை மறந்துவிட்டேன் என்று சொந்தக்காரர்கள் பேசுவது காதில் விழுகிறது. பேசட்டும். உங்களை நினைக்க எனக்குக் கெட்டுப்போன எண்ணெய் தேவையில்லை.

இந்தக் கடிதத்தை அதே பேப்பருக்கு அனுப்பி, திருத்தத்தை இப்போது போடுகிறேன். நம் வாசகர்களும் படிக்கட்டும்.

ஊசியிலை எண்ணெய் எந்த நோயையும் விரட்டும் என்று சரோஜா சொன்னதில்லை. சளி பிடித்தவருக்கு மூச்சு லேசானதுபோல் இருக்கும், அலுத்த தசைக்கு இதமாக இருக்கும் என்றுதான் சொன்னார். தோலில் அப்படியே தடவக்கூடாது. ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய்க்கு இரண்டு துளி போதும். அதையும் முதலில் முன்கையில் ஒரு பொட்டு வைத்து, ஒரு நாள் பொறுத்துப் பார்த்த பிறகுதான் தோளுக்கு. குடிக்கவே கூடாது, ஒரு சொட்டுகூட. அறையில் மணக்கவிடுவதானால் கால் மணி நேரம், சன்னல் திறந்திருக்க வேண்டும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அவர் அதையும் செய்யச் சொன்னதில்லை. கர்ப்பிணிகளையும் ஆஸ்துமா உள்ளவர்களையும் "டாக்டரைக் கேட்டுட்டு வா" என்று அனுப்பிவிடுவார். வருமானம் போனாலும் அனுப்பிவிடுவார். தேதி தாண்டியதைத் தூக்கிப் போட்டுவிடுவார். இதற்கு மாறாக நான் எழுதியது தவறு. தலைப்பும் என்னுடையதே.

தேவகியின் கைக்கு மருந்து மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். வீக்கம் வடிகிறது, அரிப்பு இன்னும் இருக்கிறது. இந்தக் கடிதத்தை அவளிடம் முதலில் படித்துக் காட்டினேன். "அப்ப என் உடம்பு மேல தப்பில்லையா அண்ணே?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். கதவு திறக்காவிட்டால் அடுத்த ஞாயிறும் போவேன், அதற்கடுத்ததும் போவேன். அவர் திட்டினால் கேட்டுக்கொள்வேன், சோறு போட்டால் சாப்பிடுவேன். அந்தப் போத்தல்களுக்காக மன்னிப்பு மட்டும் கேட்க மாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

திருத்தம் போடத் தாமதித்த உங்கள் கொழுந்தன்,
செல்வம்