அக்காவுக்கு நான் கொடுத்த இரத்தம்

லிந்துலை,
14.6.1961

அன்பு மருமகன் கணேசமூர்த்திக்கு, லிந்துலை முதல் டயகம வரை எட்டுத் தேயிலைத் தோட்டமும் நடுங்கும் உன் மாமன் வீரய்யா எழுதுவது. இங்கே மூச்சு விடுகிறவர்கள் எல்லோரும் சுகம். உன் அம்மாவும் மூச்சு விடுகிறாள் என்பதை முதலில் படித்துக்கொள், பிறகு உட்கார். திருகோணமலை வெயிலில் நீ கருகாமல் இருக்க முருகனை வேண்டுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை விறகு வெட்டும்போது கத்தி தவறி அக்காவின் தொடையில் இறங்கிவிட்டது. ஆறு ஒன்று அவள் காலில் புறப்பட்டது என்று வைத்துக்கொள். கொழுந்து லொறியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் தைத்துவிட்டு, இரத்தம் ஏற்ற வேண்டும், குரூப் பார்க்க வேண்டும் என்றார். நான் சும்மா இருந்தேனா? “ஒரே வயித்துல பொறந்தவங்க, எங்க ரத்தத்துக்கு என்னாங்க பரிசோதன? எங்கிட்ட எடுங்க, யானைக்கே ஏத்தலாம்” என்று கத்தினேன். இரண்டு பேருக்கும் ஒரே குரூப், முன்பே பார்த்தாச்சு என்று ஒரு பொய்யும் சொன்னேன். பொய் என்றே எனக்குத் தோன்றவில்லை. அக்கா வெளுத்துக்கொண்டே போனதால் அவரும் நம்பிவிட்டார்.

என் இரத்தம் கால் போத்தல் இறங்குமுன் அவளுக்குக் குளிர் நடுக்கம், இடுப்பு ஒடிகிறது என்று கதறல். உடனே நிறுத்தினார்கள். ஆனால் தையல் கசிந்தது, ஊசி குத்திய இடம் கசிந்தது, பல் ஈறுகூடக் கசிந்தது. டாக்டர் அவள் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிடத்தில் உறைய வேண்டியது, இருபது நிமிடமாகியும் தண்ணீராக ஆடியது. என் குரூப் வேறாம், அவள் உடம்பில் காவல் நிற்கிற சத்து என் இரத்தத்தை எதிரி என்று உடைத்து நொறுக்கிவிட்டதாம். அந்தக் கலவரத்தில் உள்ளுக்குள்ளேயே பொடிப்பொடியாக உறைந்து, உறைய வைக்கிற சரக்கெல்லாம் தீர்ந்துபோய், வெளியே கசிவதை அடைக்க ஒன்றும் மிச்சமில்லையாம்.

வாசலில் நின்றவர்களையெல்லாம் குத்திப் பார்த்ததில் பொருந்தியது பள்ளிக்கூடத்துக் கஸ்பர் மாஸ்டருக்கு. சொந்தமில்லை, ஒரே சாதியில்லை, ஒரே கோயிலுமில்லை. அவருடைய இரத்தம் ஏறிய மறுநாள் காலை டாக்டர் குழாயைச் சாய்த்துக் காட்டினார். அசையாமல் உறைந்திருந்தது. அந்தக் குழாயையே கும்பிட்டேன். சிறுநீர் மட்டும் இன்னும் சரியாக இறங்கவில்லை, நான்கு நாள் போக வேண்டும் என்கிறார்.

அக்கா கண் விழித்ததிலிருந்து, “எந் தம்பி ரத்தம்ல, அதான் பொழச்சேன்” என்று வார்டெல்லாம் சொல்கிறாள். கஸ்பர் மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து தோடம்பழம் உரித்துக் கொடுக்கிறார், வாய் திறப்பதில்லை. நானும் திறக்கவில்லை.

லீவு போட்டு உடனே வா. உன் குரூப் என்னவென்று அங்கேயே சோதித்து எழுதி வாங்கி வா, மகன் என்று சொல்லிக் கையை நீட்டாதே. நீ நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். அம்மாவிடம் நீ எதுவும் சொல்லிவிடாதே. நான் சொல்ல வேண்டியது அது. நீ பக்கத்தில் நின்றால் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்
வீரய்யா