சிப்பிக்குப் பழந்துணி

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். உங்கள் முதுகுவலி குறைந்ததா? அத்தை வேளைக்கு மாத்திரை போடுகிறார்களா?

தீபாவளிக்கு அலுவலகத்தில் விடுப்பு கிடைக்கவில்லை. போனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதி, திருவாரூர் வரும் சரஸ்வதி அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த ஃபேரர் பார்க் அறையில் இருக்க முடிவதில்லை. உட்லண்ட்ஸ் கடலோரத்தில் சிலர் சேர்ந்து பச்சைச் சிப்பி வளர்க்கிறார்கள். கலங்கிய தண்ணீரைச் சிப்பி வடிகட்டித் தெளிய வைக்குமாம். போன வாரம் நானும் போனேன். பாறையில் வழுக்கி உள்ளங்கையில் சின்னக் கீறல். ஆறிவிட்டது.

குஞ்சுச் சிப்பிகளைக் கயிற்றோடு நைலானால் இறுக்கிக் கட்டினேன். குழுவை நடத்தும் ரோஷினி அவிழ்த்துவிட்டாள்.

"நைலான் வேணாம்க்கா. பழைய காட்டன் துணி போதும். சிப்பி தானா கயித்தைப் பிடிச்சுக்கும். அப்புறம் துணி மக்கிப் போயிடும்."

"வளர்ந்ததும் குழம்பு வைக்கலாமா?"

"கடல் அழுக்கெல்லாம் அது வயித்துலதான் இருக்கு. நீங்க முதல்ல சாப்பிடுங்க லா."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

அவரவர் வீட்டிலிருந்து துணி கொண்டுவருகிறார்கள். அப்பாவின் சட்டை, குழந்தையின் போர்வை. என்னிடம் இருப்பதெல்லாம் சீக்கிரம் காயும் பாலியஸ்டர். வீட்டுத் துணி என்று ஒன்றுகூட இல்லை.

அக்கா திரும்பும்போது உங்கள் பழைய காட்டன் கைலி இரண்டு கொடுத்தனுப்புங்கள். ஒன்றைக் கிழித்துச் சிப்பிக்குக் கட்டிவிடுவேன்.

விமான நிலையத்துக்கு டாக்சி வந்துவிட்டது, அக்கா கூப்பிடுகிறார். மற்றதை மட்டும் துவைக்காமல் கொடுங்கள்.

உங்கள்
யாமினி