முகம் சுவர்ப் பக்கம்

கொட்டாஞ்சேனை,
கொழும்பு.
2025 பெப்ரவரி 3

என் அன்புப் புள்ளைக்கு,

நான் நலம். நீயும் அத்தையும் எப்படி? மலையில் பனி கொட்டுகிறது என்று லொறிக்காரக் கிஷாந்த் சொன்னான். அத்தைக்கு இருமல் தொடங்கியிருக்கும். கொத்தமல்லி அவித்துக் கொடு. நான் சொன்னதாகச் சொல்லிவிடாதே, அப்புறம் குடிக்க மாட்டார்.

நத்தார்ப் பண்டிகைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனதற்காக என் நம்பரைப் போனில் அடைத்துவிட்டாய். சரி, கோபம். தபால்காரரை அடைக்க முடியாதே! அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

விஷயம் இதுதான். லண்டனில் சோலைமலை என்று ஒருவர், பழைய சினிமா போஸ்டர் சேர்க்கிறவர். கடையில் கிடப்பது அவருக்கு வேண்டாமாம். நம் மலைநாட்டு லயத்து வரிசை வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டர்தான் வேண்டுமாம். உன் அப்பா சவரிமுத்து தலவாக்கலைத் தியேட்டருக்கு போஸ்டர் ஒட்டியவர், மிஞ்சியதை வீட்டுச் சுவரில் ஒட்டியவர் என்று சொன்னேன். மனுசன் துள்ளிவிட்டார்.

கிஷாந்தின் மரக்கறி லொறியில் ஒரு சுருள் அனுப்புகிறேன். உள்ளே நாலு போஸ்டர், கூடவே ஒரு பேப்பர். ‘இவை என் பெற்றோரின் லயக் காம்பராச் சுவரில் இருந்து உரித்து எடுக்கப்பட்டவை’ என்று அதில் இருக்கும். கீழே கையெழுத்துப் போட்டு, எல்லாவற்றையும் பூண்டுலோயா தபால் கந்தோரில் இருந்து நீயே லண்டனுக்கு அனுப்பிவிடு. அந்த ஊர் முத்திரை இருந்தால் நல்லது. பேப்பரை இந்தியாவில் அடித்தார்கள், உன் பெயரை ‘பெட்ரீசியா’ என்று போட்டுவிட்டார்கள். கண்டுகொள்ளாதே.

இது சரிவந்தால் இங்கே என் பழைய போஸ்டர்க் கடை தப்பும். கடை தப்பினால் அதைப் பழையபடி ஹட்டனுக்கே கொண்டுவந்துவிடுவேன். நீயும் நானும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கலாம்.

உன் மச்சான்,
லோரன்ஸ்


கல்லுமலைத் தோட்டம்,
பூண்டுலோயா.
2025 பெப்ரவரி 10

அன்புள்ள மச்சானுக்கு,

கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். நீங்கள் சொன்னதாகவும் சொன்னேன். மடமடவென்று குடித்தார். அம்மாவைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

சுருள் வந்தது. பிள்ளை மடுவத்தில், வேலைக்குப் போனவர்களின் குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டு மேசையில் விரித்தேன். கல்யாணமான புதிதில் ஹட்டன் கடையில் எனக்கு என்ன சொல்லிக் கொடுத்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா? ‘மொதல்ல கண்ண மூடு புள்ள, வெரலால பாரு’ என்பீர்கள். பார்த்தேன். நாலாக மடித்த கோடு கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது, விரலுக்குத் தெரியவே இல்லை. வழுக்கிக்கொண்டு போகிறது. எவனோ ஒரு பழைய போஸ்டரைப் படம் பிடித்து, அதன் மடிப்பையும் சேர்த்து அச்சடித்திருக்கிறான். பிறகு உங்கள் பழைய லென்சை எடுத்தேன். அந்தக் காலத்து அச்சில் புள்ளிகள் வரிசை கட்டி நிற்கும் என்பீர்கள். இதில் மையைத் தெளித்த மாதிரி சிதறிக் கிடக்கின்றன. அடியில் அச்சகத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு எழுத்தைக்கூட வாசிக்க முடியவில்லை.

அதற்கப்புறம் மோந்து பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேயிலைச் சாயம்! பழசாகக் காட்டச் சாயத் தண்ணீரில் முக்கி எடுத்திருக்கிறீர்கள். தேயிலைத் தோட்டத்துக்காரிக்கே தேயிலைச் சாயத்தைப் பூசி அனுப்ப எவ்வளவு துணிச்சல் உங்களுக்கு!

வீட்டுக்குக் கொண்டுபோனதும் அம்மா வாங்கித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காய்ந்த பசை. ‘ஏன்டி, நாங்க எப்ப இந்த மூஞ்சிகள வெளிய பாக்க ஒட்டுனோம்? நடு வீட்டுல இத்தன பேரு மொறச்சுக்கிட்டு நின்னா மனுசன் தூங்குறதா? வெள்ளப் பக்கந்தானடி வெளிய!’ என்றார்.

மறந்துவிட்டீர்கள். எங்கள் காம்பராவில் போஸ்டர் எல்லாமே முகம் சுவர்ப் பக்கம். வெள்ளை முதுகு வெளியே. இருட்டுக் காம்பராவுக்கு அதுதான் வெளிச்சம், சுவர் வெடிப்புக் காற்றுக்கு அதுதான் அடைப்பு. எங்கள் சுவரில் இருந்து உரித்தால் பசை முகத்தில் இருக்கும், அடுப்புப் புகை முதுகில் இருக்கும். நீங்கள் அனுப்பியதில் எல்லாம் தலைகீழ்.

நகல் எடுப்பது தப்பென்று நான் சொல்லவில்லை. நகல் என்று எழுதி விற்றால் நானே ஒன்று வாங்கி மடுவத்தில் மாட்டுவேன். பொய்க்குச் சாட்சி சொல்ல என் அம்மாவின் சுவரைக் கூப்பிடாதீர்கள். கையெழுத்துப் போட மாட்டேன். பேப்பர் அடுப்புக்குப் போய்விட்டது. அப்புறம், என் பெயரில் இருப்பது ‘ற்றீ’. ஞானஸ்நானம் கொடுத்த ஃபாதரோடு அப்பா சண்டை பிடித்து எழுதவைத்த எழுத்து. அதைக் கண்டுகொள்ளாமல் இருக்க என்னால் முடியாது.

உங்கள்,
பெற்றீசியா லோரன்ஸ்


கொழும்பு.
2025 பெப்ரவரி 21

புள்ளைக்கு,

நான் சொல்லிக் கொடுத்த பாடத்தை எனக்கே ஒப்பித்துவிட்டாய். சந்தோசம்.

அசலுக்கு நான் எங்கே போவேன்? போன வருசம் இந்தக் கடைக்குள் மழைத் தண்ணீர் வந்து எல்லாம் கூழாகிப்போனது. பாதி ஆயுள் தேடிச் சேர்த்தது. அன்றைக்கு நீ என் பக்கத்தில் நின்றாயா? இன்றைக்கு மட்டும் எது அசல், எது பொய் என்று நியாயம் பேச வருகிறாய். தோட்டத்தில் உட்கார்ந்துகொண்டு நல்லவளாக இருப்பது லேசு. இங்கே வந்து ஒரு கடையை நடத்திப் பார், தெரியும்.

அந்த மனுசன் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டப் போகிறார். காலையும் மாலையும் பார்த்துச் சந்தோசப்படப் போகிறார். அந்தச் சந்தோசமும் பொய்யா? யாருக்கு என்ன நட்டம், சொல் பார்ப்போம். கடையைப் பூட்டச் சொல்லி வீட்டுக்காரர் வாசலில் நிற்கிறார். ஒரு கையெழுத்து. புருசனுக்காக ஒரே ஒரு கையெழுத்து. அதற்குமா மனசு இல்லை?

லோரன்ஸ்


கல்லுமலைத் தோட்டம்.
2025 மார்ச் 2

மச்சானுக்கு,

நின்றேன். கடைக்குள் முழங்கால் தண்ணீரில் உங்கள் பக்கத்தில்தான் நின்றேன். அந்தக் கூழை வாளி வாளியாக அள்ளிக் கொட்டியது இந்தக் கை. நீங்கள் சுவரில் சாய்ந்து அழுதீர்கள், நானும் அழுதேன். போஸ்டரைத்தான் மாற்றினீர்கள் என்றால், நடந்ததையுமா மாற்றி அச்சடிக்கிறீர்கள்?

யாருக்கு நட்டம் என்று கேட்கிறீர்கள். எனக்குத்தான். முன்பு ஹட்டன் கடையில் ஒருவன் கள்ளப் போஸ்டரை நீட்டியபோது, ‘எந்திரிச்சு வெளிய போய்யா’ என்று மேசையில் அடித்தீர்களே, அந்த ஆளைத்தான் நான் கட்டிக்கொண்டேன். அவர் எனக்கு வேண்டும்.

கடை போனால் போகட்டும். வாருங்கள். பூண்டுலோயா டவுணில் ஒரு சின்ன இடம் பிடிப்போம். ‘நகல்’ என்று பெரிதாக எழுதியே விற்போம், நான் கூட நிற்கிறேன். கையெழுத்து மட்டும் கேட்காதீர்கள். கிடைக்காது.

பெற்றீசியா லோரன்ஸ்


கொழும்பு.
2025 மார்ச் 14

பெற்றீசியாவுக்கு,

உன் கையெழுத்துக்காக வேலை நிற்கவில்லை. போஸ்டர் அடித்துத் தரும் இந்தியாப் பையனே புதுப் பேப்பர் ஒன்றைத் தயார் செய்து, அதில் உன் கையெழுத்தையும் போட்டு லண்டனுக்கு அனுப்பிவிட்டான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நீதானே இந்த நிலைமைக்குக் கொண்டுவந்தாய்.

இப்போது ஒரு சிக்கல். சோலைமலை நேரில் வருகிறார். மாதக் கடைசிச் சனிக்கிழமை காம்பராவைப் பார்த்துவிட்டு, போஸ்டரைக் கையோடு கொண்டுபோவாராம். என்னால் வர முடியாது. வேன் டிரைவர் ஜீவராஜ் கூட்டிவருவான். அத்தையைக் கோயிலுக்கு அனுப்பிவிடு. உன்னிடம் இருக்கும் நாலையும் சுவரில் ஒட்டு. இழுத்தால் வருகிற மாதிரி லேசாக ஒட்டினால் போதும், அவர் கண் முன்னால் உரித்துக் கொடுத்துவிடலாம். பேச வேண்டாம், சிரித்துக்கொண்டு நின்றால் போதும்.

இதையும் நீ கெடுத்தால் என்னை மறந்துவிடு.

லோரன்ஸ்


கல்லுமலைத் தோட்டம்,
பூண்டுலோயா.
2025 மார்ச் 30

லோரன்ஸ் அவர்களுக்கு,

ஒட்டச் சொன்னீர்கள், ஒட்டினேன். கோதுமை மாவில் பசை காய்ச்சி, நாலையும் அடுப்படிச் சுவரில் அழுத்தி ஒட்டினேன். எங்கள் வீட்டு முறைப்படி, முகம் சுவர்ப் பக்கம். லேசாக எல்லாம் இல்லை. இனி அதை உரிக்க யாராலும் முடியாது.

அம்மாவைக் கோயிலுக்கு அனுப்பவில்லை. நல்ல சேலை கட்டி வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

நேற்று அவர் வந்தார். குனிந்து உள்ளே நுழைந்து, நாலு சுவரையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ‘போஸ்டர் எங்கேங்க?’ என்று கேட்டார். ‘எல்லாம் சொவத்துலதான் இருக்கு தம்பி, முதுகக் காட்டிக்கிட்டு’ என்றார் அம்மா. அந்த மனுசன் வெள்ளைக் காகிதத்தில் உள்ளங்கையை வைத்துத் தடவினார். பிறகு சொன்னார்: ‘எங்கம்மா இறம்பொடைப் பக்கம் லயத்துல பொறந்தவங்க. வீட்டுச் சொவரு வெள்ளையா இருக்கும், படுத்துக்கிட்டுத் தடவுனா ஓரம் பிஞ்சு வரும்னு சொல்லுவாங்க. நான் சுண்ணாம்புன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.’ சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

லோரன்ஸ், நீங்கள் ஏமாற்ற நினைத்தது இந்த ஆளைத்தான். நம்ம ஆளை.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நாலும் நகல், அடுப்படியில் ஒட்டிவிட்டேன், அந்தப் பேப்பரில் இருப்பது என் கையெழுத்து இல்லை என்று சொன்னேன். அவர் பையில் இருந்து பேப்பரை எடுத்து நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். அச்சில் மட்டும் இல்லை, கையெழுத்திலும் ‘பெட்ரீசியா’. திருடியதுதான் திருடினீர்கள், என் பெயரை ஒழுங்காகவாவது திருடியிருக்கக் கூடாதா? கல்யாணப் பதிவில் நான் பெயர் எழுதும்போது பக்கத்தில் நின்று, ‘ற்றீ அழகா இருக்கு புள்ள’ என்று சொன்னவர் நீங்கள்தானே?

அவர் கோபப்படவில்லை. அம்மாவின் சுவரில் இருக்கிற அசலை, அவர் ஆள் வைத்துப் பக்குவமாக எடுக்கலாமா என்று மட்டும் கேட்டார். ‘எடுத்தா குளிரு வந்துருமே தம்பி. டீ ஊத்துறேன், குடிச்சிட்டுப் போங்க’ என்றார் அம்மா. குடித்தார். இன்னொரு கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்தார். போகும்போது சுவரைப் படம் எடுத்துக்கொண்டார், வெறும் வெள்ளைச் சுவரை. அது போதும் என்றார். உங்கள் மேல் பொலிசுக்குப் போகும் எண்ணம் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. அது அவர் பாடு, உங்கள் பாடு.

கெடுத்தால் மறந்துவிடு என்று எழுதியிருந்தீர்கள். கெடுத்துவிட்டேன். மறப்பதற்குத்தான் கொஞ்ச நாள் ஆகும், ஏனென்றால் ஹட்டன் கடையில் மேசையில் அடித்த அந்த ஆளை எனக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. உங்கள் நம்பர் அடைத்தபடியேதான் இருக்கும். லென்சை மட்டும் கிஷாந்திடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன், அது உங்களுடையது.

நீங்கள் அனுப்பிய நாலும் வீண்போகவில்லை. அடுப்படியில் இப்போது காற்று வருவதில்லை.

அவர் என்னிடமே கொடுத்துவிட்டுப்போன அந்தப் பேப்பரை இத்துடன் வைத்திருக்கிறேன். மேலே இருப்பது அந்தப் பையன் போட்டது. கீழே இருப்பது, சோலைமலை அண்ணனும் அம்மாவும் பார்த்துக்கொண்டிருக்க நான் போட்டது. இரண்டையும் பாருங்கள். கண்ணை மூடாமல் பாருங்கள்.

இப்படிக்கு,
ச. பெற்றீசியா