சோத்தாங்கை

வேப்பம்பட்டு
22.7.2025

ஜெகன் அப்பாவுக்கு சுலோசனா எழுதுவது.

நல்லபடியாக அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். போனில் நீங்கள் குழறிப் பேசுவது எனக்குப் புரிவதில்லை. புரியவில்லை என்றால் உங்களுக்குக் கோபம் வந்து வைத்துவிடுகிறீர்கள். எழுதிப் பழகச் சொல்லி அந்தத் தெரபிப் பொண்ணு கிருஷ்ணப்பிரியா நோட்டு கொடுத்தாளே, அதில் அ, ஆ எழுதுவதற்குப் பதில் எனக்கு எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

தோள் வலி என்று தெருவில் சொல்லிவிட்டு வந்தேன். வலி பொய் இல்லை, உங்களைத் தூக்கித் தூக்கி வந்தது. ஆனால் நான் கிளம்பியது அந்தப் பொண்ணு சொன்ன வார்த்தைக்காக. "அம்மா, நீங்க ஊட்டிவுடுற வரைக்கும் சார் கையே தூக்க மாட்டாரு. கொஞ்ச நாள் எங்கியாச்சும் போய் இருந்துட்டு வாங்களேன்." உங்களுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்த நாளிலிருந்து ஊட்டி, குளிப்பாட்டி, கைலி கட்டிவிட்டு, கடைசியில் நான்தான் இடைஞ்சலாம். சரி, நான் இல்லாமல் இருந்து பார்க்கட்டும் என்று பையை எடுத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் "இனிமே ஓ.டி. கொடுக்கணும்" என்றது ஞாபகம் இருக்கிறதா? ஆபரேஷன் தியேட்டர் என்று நினைத்து நான் அழுதேன். எஸ்டேட் கம்பெனியில் பார்த்த ஓவர்டைம் என்று நினைத்து நீங்கள் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினீர்கள். சாப்பிட, குளிக்க, சட்டை போடத் திரும்பவும் பழக்குகிற வைத்தியம் என்று நர்ஸ் சொல்லித்தான் தெரிந்தது. யோசித்துப் பார்த்தால் நீங்கள் நினைத்ததுதான் சரி. ஓவர்டைம் எனக்கு விழுந்தது, அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவள் சொல்கிறாள் என்று பீச்சாங்கையில் சோறு தின்னாதீர்கள். ஜெகன் ஊட்டட்டும். கழுவுகிற கையால் தின்பதை நினைத்தாலே எனக்கு உடம்பு கூசுகிறது.

சுலோசனா

மண்ணூர்பேட்டை
30.7.2025

சுலோ,

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறின மாதிரிதான் இருக்கும். பொறுத்துக்கொள்.

ஜெகன் காலையில் ஷிப்டுக்குப் போனால் இருட்டித்தான் வருகிறான். அதுவரை பட்டினி கிடக்க முடியுமா? பீச்சாங்கையில்தான் தின்றேன். பாதி சோறு சட்டையில். தட்டு வேறு ஓடிக்கொண்டே இருந்தது. அந்தப் பொண்ணு தட்டுக்குக் கீழே ஈரத்துணி விரித்தாள். பட்டறை வைஸில் இறுக்கிப் பிடித்த மாதிரி நின்றுவிட்டது. முப்பது வருஷம் லேத்தில் நின்ற எனக்கு இது தோன்றவில்லை.

கைலிக்கும் வழி சொன்னாள். ஒரு முனையை இடுப்போடு சுவரில் சாய்த்து அழுத்திக்கொண்டு, இன்னொரு முனையைச் சுற்றிச் செருக வேண்டும். நேற்று கட்டிக்கொண்டு வாசல் வரை போனேன். அங்கே அவிழ்ந்தது. எதிர்வீட்டு கன்னியம்மாள் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணாத்தே, கொடி ஏத்துறியா எறக்குறியா?" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சட்டைக்கு வராத கையை முதலில் நுழைக்க வேண்டுமாம். கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டுமாம். நீ எல்லாம் தலைகீழாகச் செய்தாய். உன் தோள் போனது அதனால்தான்.

அலுப்பாக இருக்கிறது. ஒரு பட்டன் போட்டுவிட்டுப் படுத்துவிடுகிறேன். எழுந்து அடுத்த பட்டன்.

உலகநாதன்

வேப்பம்பட்டு
8.8.2025

ஜெகன் அப்பாவுக்கு,

தலைகீழாகச் செய்தேனாம். நேராகச் செய்யச் சொல்லிக்கொடுக்க அப்போது யார் வந்தார்கள்? போகட்டும்.

இங்கே நான் நன்றாகத் தூங்குகிறேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. விடிந்து வெயில் முகத்தில் அடிக்கிறவரை யாரும் எழுப்புவதில்லை. அக்கா ஒருநாள், "எப்போடி கெளம்புற?" என்று சும்மாதான் கேட்டாள். நான் துணி மடிக்க எழுந்து போய்விட்டேன். திரும்பி வர எனக்குப் பிடிக்கவில்லைங்க. உங்களைப் பிடிக்காமல் இல்லை. அந்தத் தட்டைத்தான் பிடிக்கவில்லை. உங்களுக்கு ஊட்டி, வாய் துடைத்து, படுக்க வைத்துவிட்டு நான் உட்காரும்போது என் சோறு ஆறி விறைத்திருக்கும். தின்னாமலே மூடி வைத்த நாளும் உண்டு.

அக்கா மகள் காவ்யாவுக்கு ஆவணியில் கல்யாணம் வைத்துவிட்டார்கள், 29ஆம் தேதி, திருநின்றவூர் மண்டபம். நீங்கள் வராவிட்டால் அக்காவுக்கு மனசு கஷ்டப்படும். வாருங்கள். ஆனால் பந்தியில் உட்கார வேண்டாம். பெண் வீட்டு ரூமில் கதவைச் சாத்தி நானே ஊட்டிவிடுகிறேன். சம்பந்தி வீட்டார் முன்னால் பீச்சாங்கையை இலையில் வைத்தால் என்னால் தலை நிமிர முடியாது.

சுலோசனா

மண்ணூர்பேட்டை
18.8.2025

சுலோ,

உன் கடிதத்தை எத்தனையோ தடவை படித்தேன். தூங்கு. நன்றாகத் தூங்கு. அதற்கு என்ன வெட்கம்?

ஆனால் ரூமுக்குள் ஒளிந்து தின்ன மாட்டேன். வந்தால் பந்தியில்தான் உட்காருவேன்.

கிருஷ்ணப்பிரியாவிடம் வலது கை எப்போது வரும் என்று கேட்டேன். எல்லோரும் சொல்கிற மாதிரி சரியாகிடும் என்று அவளும் சொல்வாள் என்றுதான் பார்த்தேன். "ஒரு பொருள அழுத்திப் புடிக்கிற அளவுக்கு வரும் சார். சோறு பெசையுற அளவுக்கு வரும்னு நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றாள். அவள் போனபிறகு அழுதேன். அழுது முடித்ததும் பசித்தது. எழுந்துபோய்த் தின்றேன்.

சின்ன வயசில் எனக்கு எந்தக் கை எது என்று தெரியாது. எங்கம்மா சொல்லும்: "சோறு துன்ற கை எதுடா? அதாண்டா சோத்தாங்கை." அப்படிப் பார்த்தால் இப்போது எனக்கு எது சோத்தாங்கை? நீயே சொல்லு.

நான் வரட்டுமா, வேண்டாமா? உன் அக்கா வீட்டுக் கல்யாணம், உன் மானம். வேண்டாம் என்று ஒரு வரி எழுதினால் வரமாட்டேன். கோபமும் படமாட்டேன்.

உலகநாதன்

வேப்பம்பட்டு
2.9.2025

என்னங்க,

உங்கள் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. வேண்டாம் என்று எழுதினேன், கிழித்தேன். வாருங்கள் என்று எழுதவும் கை வரவில்லை. அப்படியே விட்டுவிட்டேன். நீங்கள் வந்துவிட்டீர்கள்.

ஜெகனோடு ஆட்டோவில் வந்து இறங்கியதை மாடியிலிருந்து பார்த்தேன். ஒட்டிக்கிற வேட்டி. சட்டையில் ஒரு பட்டன் மாறி, ஒரு பக்கம் ஏறி நின்றது. கீழே ஓடிவந்து சரிசெய்யக் கை பரபரத்தது. நீங்களே போட்டது என்று விட்டுவிட்டேன்.

பந்தியில் இடது முழங்கை யார்மேலும் படாமல் வரிசையின் ஓரமாகப் பார்த்து உட்கார்ந்தீர்கள். பையிலிருந்து ஈரக் கைக்குட்டையை எடுத்து இலைக்கு அடியில் விரித்தீர்கள். அதுவும் அவள் சொல்லிக்கொடுத்ததுதானே? எனக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் உங்கள் பக்கத்து இலை காலியாக இருந்தது. அதில் வேறு யாராவது உட்கார்ந்து முகம் சுளித்தால் என்ன செய்வது என்று நான் உட்கார்ந்தேன்.

எதிரே இருந்த எங்கள் சொந்தக்காரர் பாண்டியன் மாமா சும்மா இருக்கவில்லை. "இன்னாபா உலகநாதா, கல்யாணத்துல பீச்சாங்கையில துன்ற?" என்று கேட்டது வரிசை முழுக்கக் கேட்டது. நீங்கள் நிமிர்ந்து ஏதோ சொன்னீர்கள். அவருக்குப் புரியவில்லை. "இன்னா சொல்றாரு?" என்று என்னைக் கேட்டார். எனக்குப் புரிந்தது. போனில் உங்கள் ஒரு வார்த்தை புரியாமல் தவித்தவள் நான், அன்றைக்கு ஒரு எழுத்து விடாமல் புரிந்தது.

"அதான் அவரு சோத்தாங்கையாம் மாமா. நீங்க துன்னுங்க, சாம்பார் ஆறுது" என்று நான்தான் உரக்கச் சொன்னேன். சொன்னபிறகு எனக்குக் கூச்சம் போய்விட்டது. எங்கே போனது என்று தெரியவில்லை.

அப்புறம் உங்கள் இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிந்தியது கொஞ்சம்தான். அப்பளத்தை நொறுக்கத்தான் கஷ்டப்பட்டீர்கள். ரசம் கொண்டுவந்த பையன் "இன்னும் கொஞ்சம் சோறும்மா?" என்றபோதுதான் குனிந்து பார்த்தேன். என் இலை காலியாக இருந்தது. சோறு சூடாக இருந்தது என்று நாக்குக்கு அப்போதுதான் தெரிந்தது. நீங்கள் விழுந்தபிறகு உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நான் தின்ற முதல் சுடுசோறு அதுதான். அதை நினைத்து இந்த வயசில் மண்டபத்துச் சமையல்கட்டுக்குப் பின்னால் நின்று அழுதேன். நீங்கள் கை கழுவப் போயிருந்தீர்கள், பார்த்திருக்க மாட்டீர்கள்.

நான் இப்போதே வரவில்லை. அலுப்பு இன்னும் தீரவில்லை, தோளும் தூக்க முடியவில்லை. இன்னும் கொஞ்ச நாள் தூங்கிவிட்டு வருகிறேன். கிருஷ்ணப்பிரியாமேல் இருந்த கோபம் பாதி தணிந்திருக்கிறது, மீதி நேரில் பார்த்தால் தணியலாம்.

புரட்டாசி முதல் சனிக்கிழமை மத்தியானம் வருவேன். ஜெகனைச் சோறு வடித்து வைக்கச் சொல்லுங்கள். எனக்காக ஆறவிட வேண்டாம். இரண்டு தட்டு எடுத்து வையுங்கள், சேர்ந்தே உட்காருவோம்.

சுலோசனா