மணிக்கு விழிக்காத பிள்ளை

மார்ச் 4

கடைசி அறைக்கும் வெந்நீர் கொடுத்தாயிற்று. கால் கடுக்கிறது. விடுதிக்கு வந்தவர்களுக்கு இன்றும் அதே கதைகள்: அம்மன் குழந்தையைக் குளிப்பாட்டிய சுனை, கிடத்திய தொட்டில் பாறை, எங்கள் வாசலுக்கு நேர் எதிரே நிற்கும் மணிமண்டபம். மணிச் சத்தத்தில் பிள்ளை வீறிட, அம்மன் இரண்டு கையாலும் அதன் காதைப் பொத்தினாளாம். அன்றிலிருந்து, அவள் அருள் பெற்ற குழந்தை மணிக்கு விழிக்காது. சொல்லிச் சொல்லி வாய் தேய்ந்துவிட்டது.

மாமியார் வழக்கம்போல் என் இடுப்பிலிருந்த பாப்பாவைக் காட்டினார். "இதோ இருக்காளே சாட்சி! பொறந்ததுலேருந்து ஒருநாளும் மணிக்கு எழுந்ததில்ல." வந்தவர்கள் அவள் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

மார்ச் 7

பாப்பாவுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. இன்னும் வாயில் 'அம்மா' வரவில்லை.

மார்ச் 9

விடிகாலை மணிக்கு மாடி அறைப் பெண் இறங்கி வந்து சண்டை. தோளில் கைக்குழந்தை அலறுகிறது. "காதுக்குள்ளயே அடிக்கிறாங்க! பிள்ளை வெலவெலத்துப் போச்சுங்க."

மாமியார் விடுவாரா? "கோயில் ஊருக்கு வந்துட்டு மணி அடிக்குதுன்னா எப்படிம்மா? அடுப்பங்கரைக்கு வந்துட்டு புகையுதுன்ன கதையால்ல இருக்கு!"

இவ்வளவு கூச்சலிலும் பெஞ்சில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். "உங்க பிள்ளை மட்டும் எப்படிங்க தூங்குது?" அந்தப் பெண் பொறாமையாகத்தான் கேட்டாள். கதையைச் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

மத்தியானம் பாப்பாவுக்குப் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் ஓங்கி அடித்தேன். அவள் பாட்டுக்குப் பொம்மைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.

ஐயோ. நான் பௌதிகம் படிச்சவ. ஒலியைப் பத்திப் பக்கம் பக்கமா எழுதிப் பாஸ் பண்ணவ. எப்படிடீ தெரியாம போச்சு உனக்கு?

மார்ச் 10

பாப்பாவைக் காது டாக்டரிடம் காட்டணும் என்று இவரிடம் சொன்னேன். "அம்மாகிட்ட நீயே சொல்லிடேன்" என்று நழுவிவிட்டார். நல்ல ஆள்.

மாமியார் கொதித்தார். "அம்மன் பொத்துன காதை டாக்டர் திறக்கப் போறாரா? வாயை அலம்பிட்டுப் பேசு." கொஞ்ச நேரம் கழித்து, சன்னமாக: "வர்றவங்ககிட்ட இனிமே என்னத்தச் சொல்றது?"

மார்ச் 18

நகரத்துக் காது மருத்துவமனை. பாப்பாவைத் தூங்கவைத்துத் தலையில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். இரண்டு காதிலும் கேட்கும் திறன் கொஞ்சம்தான் மிச்சம். காதில் கருவி மாட்டிப் பழக்கினால் பேச்சு வரலாம் என்றார் டாக்டர். "இத்தனை நாள் வீட்ல யாருமே கவனிக்கலையா?"

கவனித்தோம் டாக்டர். கும்பிட்டோம்.

ஏப்ரல் 2

கருவியைப் பிடுங்கி எறிகிறாள். மாட்டுகிறேன். எறிகிறாள்.

ஏப்ரல் 21

சாயங்காலம் பாப்பா மாமியார் மடியில் இருந்தாள். கருவி காதிலேயே இருந்தது, அதிசயமாக. எதிரே மணி அடித்தது. அவள் உடம்பு தூக்கிப் போட்டது. வீறிட்டாள்.

நான் ஓடுவதற்குள் மாமியார் இரண்டு கையாலும் அவள் காதைப் பொத்தியிருந்தார். மணிமண்டபத்தைப் பார்த்து ஒரே சத்தம்: "ஏம்ப்பா, கொஞ்சம் மெதுவா அடிச்சா கொறஞ்சா போயிடுவே? எதிர்த்தாப்ல குழந்தை இருக்குன்னு தெரியாது?"

மாடியிலிருந்து எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். நான் கதை சொல்லவில்லை. மாமியாரும் சொல்லவில்லை. கையை மெல்ல எடுத்துவிட்டு, பாப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மணி இன்னும் நிற்கவில்லை.