தலை இழுக்கிற நேரம்

ஒக்டோபர் 7, செவ்வாய்

மழை. கொழும்பு, காலி வீதி முழுக்கத் தண்ணீர். சப்பாத்து இன்னும் ஈரம்.

பிரஷ் வாங்கியாகிவிட்டது. ஊதா. முதுகு விரல் விரலாகப் பிரிந்து, அழுத்தினால் வளைகிறது. வெள்ளவத்தைக் கடைக்காரர் முறுக்கிக் காட்டி, "நங்கி, மேக்க கெடென்னே நே" என்றார் சிங்களத்தில். தங்கச்சி, இது உடையாதாம். என் முடி உடையாமல் இருந்தால் போதும்.

டெங்கு வந்து போனதிலிருந்து கொட்டுகிறது. வலது காதுக்கு மேலே பெருவிரல் அளவு வெறும் தோல். தொட்டாலே நோகிறது. அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தால் மொட்டைதான். மாமியோடு போனில் கதைத்தது கேட்டது: "இப்பிடியே கொட்டினா ஒருக்கா வழிச்சு விடுறதுதான். பிறகு அடர்த்தியா வரும்."

வழிச்சு விடுவதாம்! தரம் ஒன்பதில், மொட்டைத் தலையோடு பள்ளிக்கூடம்!

8, புதன்

வெயில். கணிதச் சோதனை மோசம்.

காலையில் குளியலறையைப் பூட்டிக்கொண்டு நானே பிரஷ் பிடித்தேன். உச்சியிலிருந்து இழுத்தால் சிக்கில் மாட்டி வளைகிறது. சிக்கு அப்படியே. பேசின் முழுக்க முடி. பொறுக்கி டொய்லெட்டில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் போகாமல் மிதக்கிறது. சனியன்.

அம்மா கதவைத் தட்டினார்: "உள்ளுக்கு என்ன தவமோ? வா, தலை இழுத்து விட."

"நானே இழுத்திட்டன் அம்மா."

வகுப்பில் தலை இழுத்த கதையை ஸ்டெல்லாவிடம் சொன்னேன். கொட்டாஞ்சேனையிலிருந்து பள்ளிக்கூட வான் வண்டியில் வருபவள், பக்கத்துக் கதிரை. என் தலையில் அந்த வெறும் இடம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்னடி தலை இழுக்கிற? கயிறா? நாங்க தலை வாருறது எண்டுதான் சொல்லுவம். மேல இருந்து இழுத்தா இருக்கிறதும் போயிடும். நுனியில தொடங்கு, கொஞ்சம் கொஞ்சமா மேல போ."

எரிச்சல். ஆனால் பின்னேரம் செய்து பார்த்தேன். சரிவந்தது. அதுவும் எரிச்சல்.

10, வெள்ளி

முழுக்கு நாள். தப்ப முடியவில்லை. ஈரத் தலையோடு அம்மா முன்னால் இருத்திவிட்டார். பிரஷ்ஷை நீட்டினேன். உச்சியில் குத்தி ஒரே இழுவை. பிரஷ் வளைந்துகொண்டது.

"இதென்ன, முதுகெலும்பு இல்லாத சாமான்!" சீப்பை எடுத்தார்.

"இழுக்காதேங்கோ அம்மா!"

"தலை இழுக்காம பின்ன எதைப் பிள்ளை இழுக்கிறது?"

வலப்பக்கம் விலக்கினார். கை நின்றது.

எனக்கு அழுகை. "வழிக்க வேண்டாம், வழிக்க வேண்டாம்." வேறு ஒன்றும் வாயில் வரவில்லை.

அம்மா ஏசவில்லை. என் கையைப் பிடித்துத் தன் வகிட்டின் தொடக்கத்தில் வைத்தார். வெறும் தோல், வழுவழுவென்று. என் விரலில் கறுப்பு மை. இவ்வளவு நாளும் மை பூசி மறைத்திருக்கிறார்!

"கொண்டையை இறுக்கி இறுக்கி வந்தது," என்றார். "மாமிக்குச் சொல்லிப் போடாத." பிறகு, "இந்தச் சாமானை எங்க தொடங்கிறது?"

"நுனியில."

கை பழக்கத்தில் இரண்டு தரம் உச்சிக்கே போனது. இரண்டு தரமும் கத்தினேன்.

13, திங்கள்

புழுக்கம். ஆங்கிலப் புத்தகத்தைக் காணவில்லை.

தளர்ந்த பின்னலுக்கு மாணவத் தலைவி அக்காவிடம் ஏச்சு: "இதென்ன, ஆட்டு வாலா?" பரவாயில்லை. நேற்று அம்மா மாமியிடம், "மொட்டை கிட்டை ஒண்டும் வேண்டாம்" என்றது கேட்டது.

இன்று காலையில் அம்மா பிரஷ்ஷோடு அறை வாசலில். "பிள்ளை, வா, தலை..."

'இழுக்க' என்று சொல்லாமல் அங்கேயே நிறுத்திவிட்டார். ஸ்டெல்லா சொல்லும் 'வார' அவர் வாயில் வராது.

"...வா."